ஆராய்ச்சியும் அடிமைப் புத்தியும்

"விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். "விஞ்ஞானம் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு வேறொன்று சொல்லும், அதைப் போய் நம்பலாமா?" என்று மற்றொரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். முதல் கூட்டத்தார் பெரும்பாலும் நம்மிடம் எதையாவது விற்க வந்தவர்களாயிருப்பார்கள். மாத்திரையோ, காந்த வளையலோ, ராசிக்கல்லோ, எதுவானாலும் அதன்மேல் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் போதும், படித்தவனும் பையைத் திறந்து விடுகிறான். இரண்டாவது கூட்டத்தார் தங்கள் பாட்டன் காலத்து ஏட்டைக் காப்பாற்ற வந்தவர்கள். எங்கேயாவது ஓர் ஆராய்ச்சி தவறென்று தெரிந்ததாகப் பத்திரிகை மூலையில் ஒரு செய்தி வந்துவிட்டால், "பார்த்தீர்களா, எங்கள் சாஸ்திரம் ஆயிரம் வருஷமாய் ஒரே பேச்சாய் இருக்கிறது" என்று மார்தட்டுகிறார்கள்.

இவ்விரு கூட்டத்தாரும் ஒருவருக்கொருவர் விரோதிகள் போலக் காட்டிக் கொண்டாலும், இருவருக்கும் உள்ள புத்தி ஒரே புத்திதான். இருவரும் கேட்கும் கேள்வி "யார் சொன்னது?" என்பதே. ஒருவன் பட்டம் பெற்ற பண்டிதனைக் காட்டுகிறான், மற்றவன் தாடி வளர்த்த ரிஷியைக் காட்டுகிறான். "எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி இருவர் வாயிலும் வருவதில்லை. ஆராய்ச்சி என்பதற்கு உலகத்தில் ஏதாவது மதிப்பு இருக்குமானால், அது இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதனால்தான் இருக்க முடியும். பௌதிகம், பொருளாதாரம், மனோதத்துவம் ஆகிய மூன்று துறைகளிலும் நடந்த சில உண்மைச் சம்பவங்களைக் கொண்டு இதை விளக்க விரும்புகின்றோம்.

முதலில் பௌதிகத்தைப் பார்ப்போம். 1895-ல் ஜெர்மனியில் ரோண்ட்கன் என்பவர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உடம்பின் உள்ளே இருக்கும் எலும்பு படத்தில் தெரிந்தது. உலகமே அதிசயித்தது. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1903-ல், பிரெஞ்சு தேசத்து நான்சி நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த புளோண்ட்லோ என்பவர், தாமும் ஒரு புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். தம் ஊர்ப் பெயரின் முதலெழுத்தை வைத்து அதற்கு "என் கதிர்" என்று பெயரிட்டார். அவர் சாமான்ய மனிதரல்ல, அதற்கு முன்பே நல்ல ஆராய்ச்சிகள் செய்து பெயரெடுத்தவர். ஆகவே அவர் சொன்னவுடன் பிரெஞ்சு தேசத்தில் பல பேர் தாங்களும் அக்கதிரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மனித உடம்பிலிருந்தே அக்கதிர் வருகிறதென்று கூட எழுதினார்கள்.

அதைப் பார்க்கும் முறை என்ன தெரியுமா? இருட்டறையில் உட்கார்ந்து கொண்டு, மங்கலான ஒரு சிறு தீப்பொறியை உற்றுப் பார்க்க வேண்டும். கதிர் பட்டால் அதன் வெளிச்சம் கொஞ்சம் கூடும். கூடிற்றா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்! பிற தேசத்து விஞ்ஞானிகள் பலர் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமெரிக்காவிலிருந்த உட் என்ற பௌதிக ஆசிரியர் 1904-ல் நேரே நான்சிக்கே போனார். கதிரைப் பிரித்துக் காட்டுவதற்காக வைத்திருந்த அலுமினியப் பட்டகத்தை இருட்டிலே சத்தமில்லாமல் எடுத்து வைத்துக் கொண்டார். பிறகு அளவைச் சொல்லும்படி கேட்டார். பட்டகம் இல்லாமலிருக்கும்போதும் புளோண்ட்லோ பழைய அளவுகளையே சொல்லிக் கொண்டிருந்தார்! அவ்வருஷமே உட் இதைப் பத்திரிகையில் வெளியிட்டார். அதோடு "என் கதிர்" உலகத்தை விட்டே போய்விட்டது.

புளோண்ட்லோ மோசக்காரர் என்று நாம் சொல்லவில்லை. அவர் பார்த்ததாக உண்மையாகவே நம்பினார். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி. யோக்கியனான, படித்த, திறமையுள்ள மனிதனும் தான் காண ஆசைப்படுவதைக் கண்டுவிடுவான். இருட்டறையில் சுவாமி தரிசனம் கண்டதாகச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் கருத வேண்டியதில்லை. அவர்களுடைய பட்டகத்தை எடுத்துப் பார்க்க ஒருவரும் துணியவில்லை என்று சொன்னால் போதும்.

இதற்கு மாறாக, 2011-ம் வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜெனீவா நகரத்துக்கருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகள்களைப் பூமிக்குள்ளாகவே 730 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இத்தாலி தேசத்துக் கிரான் சாஸோ மலையடிச் சாலைக்கு அனுப்பி, அவை வந்து சேரும் நேரத்தை அளந்தார்கள். ஒளி வந்து சேரவேண்டிய நேரத்துக்கு 60 நானோ வினாடி முன்னதாகவே அவை வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டிற்று. ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கி அதில் 60 பங்கு! அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒளியை மிஞ்சி எதுவும் போக முடியாது என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைக்கே அது விரோதமானது.

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? "ஐன்ஸ்டைனை ஜெயித்துவிட்டோம்" என்று மேளம் கொட்டவில்லை. தங்கள் கணக்கையெல்லாம் வெளியிட்டு, "எங்களுக்குத் தவறு அகப்படவில்லை, நீங்களும் பாருங்கள்" என்று உலகத்தைக் கேட்டார்கள். 2012-ல் தவறு அகப்பட்டது. ஓர் ஒளியிழைக் கம்பி அதன் இணைப்பில் சரியாக முடுக்கப்படாமலிருந்தது! அதே மலைச்சாலையில் வேறொரு கூட்டத்தார் வேறு கருவி கொண்டு அளந்ததிலும் நியூட்ரினோ ஒளியை மிஞ்சவில்லை என்றே தெரிந்தது. விஷயம் முடிந்தது. இதில் ஐன்ஸ்டைனுடைய பெயருக்காகவும் யாரும் பணிந்து போகவில்லை, கருவியின் கணக்குக்காகவும் யாரும் பணிந்து போகவில்லை. அளந்து பார்த்தார்கள், மறுபடியும் அளந்து பார்த்தார்கள்.

"ஒளியாவது, துகளாவது, அதனால் நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்காகவே பொருளாதாரத்திற்கு வருகிறோம். ஏனெனில் பௌதிகத்தில் தப்புக் கணக்குப் போட்டால் துகளுக்கு நஷ்டமில்லை. பொருளாதாரத்தில் தப்புக் கணக்குப் போட்டால் ஏழை வயிற்றில் அல்லவா அது வந்து விடியும்?

2010-ல் அமெரிக்காவில் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பேர்பெற்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1946 முதல் 2009 வரை முன்னேறிய 20 நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு சர்க்காரின் கடன் அந்நாட்டின் வருஷ உற்பத்தி மதிப்பில் 100-க்கு 90-ஐத் தாண்டிவிட்டால் அந்நாட்டின் வளர்ச்சி சராசரியில் பூஜ்யத்துக்கும் கீழே, அதாவது 0.1 சதவிகிதம் குறைவாகப் போய்விடுகிறது என்பது அதில் கண்ட முடிவு. அப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொருளாதார நெருக்கடி. வேலையற்றவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்ற காலம். சர்க்கார் செலவைக் குறைக்க வேண்டும், உதவித்தொகைகளை வெட்ட வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்த அரசியல்வாதிகளுக்கு இந்தக் கட்டுரை வேதவாக்காகக் கிடைத்தது. அமெரிக்கச் சட்டசபையில் வரவுசெலவுத் திட்டம் போட்டவர்களும், ஐரோப்பிய யூனியனின் நிதிப் பொறுப்பாளரும் இந்த 90-ஐ எடுத்துக் காட்டினார்கள். "பண்டிதர்கள் சொல்லிவிட்டார்கள்" என்றால் எதிர்த்துப் பேச யாரால் முடியும்?

ஒரு மாணவனால் முடிந்தது. மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற வாலிபருக்கு வகுப்பில் கொடுத்த வேலை, ஏதாவது ஒரு பிரபலமான கட்டுரையின் கணக்கைத் தானே மறுபடி போட்டுப் பார்ப்பது. அவர் இக்கட்டுரையை எடுத்துக் கொண்டார். எத்தனை தரம் போட்டாலும் பேராசிரியர்கள் சொன்ன விடை வரவில்லை. நேரே அவர்களுக்கே எழுதி அவர்களுடைய கம்ப்யூட்டர் கணக்குத்தாளைக் கேட்டார். அவர்களும் அனுப்பிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்க வேண்டிய வரிசையில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் சேராமலே விட்டுப் போயிருந்தன! வேறு சில நாடுகளின் சில வருஷங்களும் கணக்கில் இல்லை.

அதைவிட வேடிக்கை, சராசரி எடுத்த முறை. பிரிட்டன் 19 வருஷம் பெருங் கடனில் இருந்தும் சராசரி 2.4 சதவிகிதம் வளர்ந்தது. நியூஸிலாந்தின் கணக்கில் எடுத்துக் கொண்டது 1951 என்ற ஒரே வருஷம், அதில் 7.6 சதவிகிதம் சரிவு. இந்த ஒரு வருஷத்துக்கும் அந்த 19 வருஷத்துக்கும் ஒரே நிறை போட்டிருந்தார்கள். நம் கிராமத்துக் குடியானவனிடம், "உன் தம்பி ஒரு வருஷம் பயிரிட்டுப் புயலில் நஷ்டப்பட்டான், நீ 19 வருஷம் பயிரிட்டு லாபம் கண்டாய், இரண்டையும் சமமாய் வைத்துப் பார்த்தால் விவசாயமே நஷ்டம்" என்று சொன்னால் அவன் சிரிக்க மாட்டானா? படித்த உலகம் மூன்று வருஷம் சிரிக்காமலிருந்தது. 2013-ல் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து போட்ட கணக்கில், கடன் 90-ஐத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி 2.2 சதவிகிதமாக வந்தது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பேராசிரியர்கள் கணக்குத்தாளிலிருந்த பிழையை ஒப்புக் கொண்டார்கள். சராசரி எடுத்த முறை சரியென்றும், கடன் மிகுந்தால் வளர்ச்சி குறைகிறது என்ற பொதுக் கருத்து நிற்கிறது என்றும் வாதித்தார்கள். அந்த வாதம் நடக்கட்டும். சர்க்கார்கள் செலவை வெட்டினதற்கு இந்த ஒரு கட்டுரைதான் காரணம் என்றும் நாம் சொல்ல மாட்டோம். நாம் கேட்பது இதுதான். கேட்டவுடன் கணக்குத்தாளைக் கொடுத்தார்களே, அதைப் போல எந்த மடாதிபதியாவது, எந்தப் பஞ்சாங்கக்காரனாவது, எந்தக் குறிசொல்லியாவது தன் கணக்கை ஒரு மாணவன் கையில் கொடுத்ததுண்டா? "நீ சின்னவன், உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லாமல் பதில் சொன்னதுண்டா?

நிற்க, மனிதர் நடத்தையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருவோம். இதில் முதல் பாடத்தைக் கற்றுக் கொடுத்தது ஒரு குதிரை. பெர்லின் நகரத்தில் ஓய்வு பெற்ற கணக்கு உபாத்தியாயர் ஒருவர், ஹான்ஸ் என்ற தம் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் குதிரை காலால் 12 தரம் தட்டும். பின்னம், தேதி எல்லாம் சொல்லும். அவர் காசு வாங்கவில்லை, எவர் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்றார். 1904-ல் ஒரு நிபுணர் குழு வந்து பார்த்து, இதில் மோசடி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

ஃபுங்ஸ்ட் என்ற வாலிப ஆராய்ச்சிக்காரர் அதோடு விடவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்து குதிரையைக் கேட்கச் சொன்னார். குதிரை விழித்தது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் விழித்தது. பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. சரியான எண் வந்தவுடன் கேள்வி கேட்பவரின் தலை, அவரறியாமலே, மயிரிழையளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. 1907-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதி வெளியிட்டார். நம் தெருவில் வரும் பூம்பூம் மாட்டுக்காரனுக்குத் தான் கயிற்றை அசைக்கிறோம் என்பது தெரியும். பெர்லின் உபாத்தியாயருக்குத் தாம் அசைகிறோம் என்பதே தெரியாது. இதுதான் வித்தியாசம்.

அன்று முதல் மனோதத்துவத்தில் ஒரு கட்டுப்பாடு வலுப்பெற்றது. சோதிக்கிறவனுக்கும் விடை தெரியக்கூடாது, சோதிக்கப்படுகிறவனுக்கும் குறிப்புக் கிடைக்கக்கூடாது என்பது அது. மருந்துகளைச் சோதிப்பதிலும் இன்று இதே கட்டுப்பாடுதான்.

இந்தக் கட்டுப்பாட்டை ஜோசியத்திற்கு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? பார்த்தார்கள். வெகு தூரத்திலல்ல, நம் நாட்டிலேயே, புனா நகரத்தில், 2008-ல். வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகரும், புள்ளிவிவர சாஸ்திரி ஒருவரும், மூடநம்பிக்கை ஒழிப்பில் உழைத்து வந்த டாக்டர் நரேந்திர தபோல்கர் முதலியவர்களும் சேர்ந்து இதைச் செய்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் பிறந்த விவரங்களைச் சேகரித்து ஜாதகம் கணித்தார்கள். ஜோசியர்களைப் பகிரங்கமாக அழைத்து, ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம் அனுப்பி, எது எந்தப் பிள்ளையுடையது என்று சொல்லும்படி கேட்டார்கள். முகத்தைப் பார்க்க முடியாது, தகப்பனாரை விசாரிக்க முடியாது, ஜாதகம் ஒன்றுதான் கையில்.

51 பேர் ஜாதகம் கேட்டு வாங்கினார்கள். 27 பேர்தான் பதில் அனுப்பினார்கள். கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டிப் போட்டால் 40-க்கு 20 சரியாக வரும். இந்த 27 ஜோசியர்களின் சராசரி 17-ம் சொச்சமும்! எல்லோரிலும் மேலாகச் சொன்னவர் 24. ஒரு ஜோசிய ஸ்தாபனம் 200 ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்து 102-ஐச் சரியாகச் சொல்லிற்று, அதாவது பாதிக்குப் பாதி. கலியாணத்தையும், வியாபாரத்தையும், பிள்ளை படிப்பையும் இவர்கள் கையில் ஒப்படைக்கிறோமே, காலணாவைச் சுண்டிப் போட்டாலும் இதே யோக்கியதைதானே கிடைக்கும்?

இந்த வேலையில் பங்கு கொண்ட தபோல்கர் 2013 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் புனாவில் உலாவப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கையில் ஆயுதமில்லை. "நிரூபித்துக் காட்டு" என்று கேட்பதே அவர் வாழ்நாள் வேலை. அந்தக் கேள்வி சிலருக்கு எவ்வளவு பயங்கரமாயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? கொன்றவர்களால் அந்த 27 பேருடைய விடைத்தாளைத் திருத்திவிட முடிந்ததா?

இனி, ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள்தானா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்றே சொல்லுவோம். ஹாலந்து தேசத்து டில்பர்க் சர்வகலாசாலையில் ஸ்டாபல் என்ற மனோதத்துவப் பேராசிரியர் பெரும்புகழ் பெற்றிருந்தார். வருஷக்கணக்காக அவர் வெளியிட்ட பல ஆராய்ச்சிகளில், கேள்வி கேட்கப்பட்டதாகச் சொன்ன மனிதர்களே கிடையாது. எண்களைத் தாமே உட்கார்ந்து எழுதிக் கொண்டார். 2011-ல் அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளைய ஆராய்ச்சியாளர்கள் மேலிடத்துக்குத் தெரிவித்தார்கள். விசாரணை நடந்தது. அவருடைய கட்டுரைகளில் 50-க்கு மேற்பட்டவை ரத்து செய்யப்பட்டன. குருவின் பிழைப்பைக் கெடுத்த சிஷ்யர்கள் என்று நம் ஊரில் அவர்களைத் தூற்றியிருப்பார்கள்.

இதோடும் நிற்கவில்லை. மோசடியே இல்லாத கட்டுரைகளும் சரியானவைதானா என்று பார்க்க, 270 ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சேர்ந்து, மனோதத்துவப் பத்திரிகைகளில் வெளிவந்த 100 ஆராய்ச்சிகளை மறுபடி செய்து பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் 100-க்கு 97-ல் விளைவு கண்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. மறுபடி செய்ததில் 100-க்கு 36-ல்தான் அப்படிக் கண்டது. பொருளாதாரத்திலும் 18 பரிசோதனைகளை மறுபடி செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 11 தேறின.

இதற்குக் காரணம் என்ன? "கண்டோம்" என்று எழுதினால் பத்திரிகை போடுகிறது, "ஒன்றும் காணவில்லை" என்று எழுதினால் போடுவதில்லை. பத்திரிகையில் வந்தால்தான் உத்தியோகம், உயர்வு, பணம். ஆகவே பத்துத் தரம் சோதித்து ஒரு தரம் பலித்ததை மட்டும் எழுதும் வழக்கம் வளர்ந்துவிட்டது. கோவில் வாசலில், நேர்ந்து கொண்டு பிழைத்தவன் மட்டும் வந்து தேங்காய் உடைக்கிறான், நேர்ந்து கொண்டும் செத்தவன் வந்து சாட்சி சொல்வதில்லை என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? இந்தக் கேட்டைப் போக்க, எதைச் சோதிக்கப் போகிறோம், எப்படிச் சோதிக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிப் பகிரங்கமாகப் பதிவு செய்துவிட்டு, பிறகு சோதிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. இது நல்ல ஏற்பாடு. நேர்த்திக்கடனுக்கும் இப்படி ஒரு பதிவுப் புத்தகம் வைத்தால் சாமிகளின் கீர்த்தி எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இங்கேதான் "இன்று ஒன்று, நாளை ஒன்று" என்று ஏளனம் செய்யும் கூட்டத்தாருக்குப் பதில் சொல்லுகிறோம். "என் கதிர்" பொய்யென்று கண்டுபிடித்தது யார்? பௌதிக ஆசிரியர். குதிரையின் குட்டை வெளிப்படுத்தினது யார்? மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர். பேராசிரியர்களின் கணக்குப் பிழையைக் கண்டது யார்? பொருளாதார மாணவர். ஸ்டாபலைப் பிடித்துக் கொடுத்தது யார்? அவரோடு வேலை செய்தவர்கள். இவற்றில் ஒன்றையாவது ஒரு ஜோசியன் கண்டுபிடித்தானா? ஒரு சாஸ்திரியாவது, ஒரு மௌல்வியாவது, ஒரு பாதிரியாவது கண்டுபிடித்தாரா? ஆராய்ச்சியின் தவறுகளை உங்களுக்குச் சொன்னதே ஆராய்ச்சிதானே! தவறைத் திருத்திக் கொள்ளுகிறவனைப் பார்த்து, "நான் திருத்திக் கொள்வதே இல்லை, ஆகையால் நானே மேல்" என்று சொல்லுவது, குளிக்கிறவனைப் பார்த்துக் குளிக்காதவன் "நீ அழுக்கன், அதனால்தான் தினம் குளிக்கிறாய்" என்று சொல்லுவதைப் போன்றதே.

ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் முதலில் கட்டுரை கைக்குக் கிடைக்க வேண்டாமா? ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது சர்க்கார், அதாவது வரி கொடுக்கும் மக்கள். அப்படியிருந்தும் அநேகக் கட்டுரைகள் வெளிநாட்டு வியாபாரக் கம்பெனிகளின் பத்திரிகைகளில் பூட்டிக் கிடக்கின்றன. பெருந்தொகை கொடுத்தால்தான் படிக்கலாம். அந்தக் காலத்தில் இன்னார்தான் ஏடு தொடலாம் என்ற விதி இருந்தது. இந்தக் காலத்தில் அந்த விதியைப் பணம் செய்கிறது. 1991-ல் அமெரிக்காவில் பால் ஜின்ஸ்பார்க் என்ற பௌதிகர், கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்கும்படி கம்ப்யூட்டர் மூலம் வெளியிடும் ஆர்க்ஸைவ் என்ற பொதுச் சாலையை ஏற்படுத்தினார். இன்று பௌதிகம், கணிதம் முதலியவற்றில் லட்சக்கணக்கான கட்டுரைகள் அதில் இருக்கின்றன. பொருளாதாரத்துக்கும் பின்னால் அதில் இடம் கிடைத்தது. அதைப் போல எல்லாத் துறையிலும் ஆகியிருக்க வேண்டும்.

இந்திய சர்க்கார் 2024 நவம்பரில் "ஒரே நாடு ஒரே சந்தா" என்று ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் கொடுத்து, 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 பத்திரிகைகளை, சர்க்காரைச் சேர்ந்த 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்குத் திறந்துவிடுவது என்பது அதன் ஏற்பாடு. கல்லூரி மாணவர்களுக்கு இது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி மதிலுக்கு வெளியே இருக்கிறவன் கதி என்ன? கிராமத்து உபாத்தியாயர், தொழிற்சங்கக்காரர், தன் நிலத்தில் எந்த உரம் போடுவதென்று யோசிக்கும் குடியானவர் இவர்களும் வரி கொடுக்கிறவர்கள்தானே! வரியில் பங்குண்டு, அறிவில் பங்கில்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்? மேலும், கட்டுரை கிடைத்தாலும் அது இங்கிலீஷில் இருக்கிறது. அதன் சாரத்தையாவது தமிழில் தெளிவாக எழுத வேண்டிய கடமை நம் பேராசிரியர்களுக்கு இருக்கிறதென்று அவர்களுக்கு ஞாபகப்படுத்துகின்றோம்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மவர் மேடைகளிலும் சில சமயம் "விஞ்ஞானம் சொல்லுகிறது" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். கை தட்டுகிறார்கள். எந்த விஞ்ஞானம், யார் சோதித்தது, எப்படி என்று கேட்பாரில்லை. வேதம் சொல்லுகிறது என்பதற்குப் பதிலாக விஞ்ஞானம் சொல்லுகிறது என்று வார்த்தையை மாற்றிவிட்டால் மட்டும் பகுத்தறிவு வந்துவிடாது. ஆகையால் "ஆராய்ச்சியில் கண்டது" என்று யார் வந்து சொன்னாலும், சொல்லுகிறவர் நம்மவரேயானாலும், கீழ்க்கண்டவற்றைக் கேட்கப் பழக வேண்டும்.

1. எத்தனை பேரை, எத்தனை தரம் சோதித்தார்கள்?

2. சோதித்தவருக்கு விடை முன்பே தெரியுமா, தெரியாதா?

3. பலிக்காமல் போனவற்றையும் கணக்கில் சேர்த்தார்களா?

4. சம்பந்தமில்லாத வேறொருவர் மறுபடி செய்து பார்த்தாரா?

5. இதற்குப் பணம் கொடுத்தது யார், இதனால் லாபமடைவது யார்?

6. கணக்கைக் கேட்டால் காட்டுவார்களா?

இந்த ஆறு கேள்விகளுக்கும் சர்வகலாசாலைப் படிப்பு வேண்டியதில்லை. சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், நாலு பேரை விசாரிக்கிறான். அந்தப் புத்தி போதும். மாட்டுக்குச் செலவழிக்கும் அந்தப் புத்தியை மருந்துக்கும், ஜாதகத்துக்கும், சர்க்கார் கணக்குக்கும், மேடைப் பேச்சுக்கும் நாம் செலவழிப்பதில்லை என்பதுதான் நம் குறை. வாசகர்கள் அடுத்த வாரத்துக்குள் தங்கள் வீட்டுக்கு வரும் ஏதாவது ஒரு விளம்பரத்தையாவது எடுத்து வைத்துக் கொண்டு, மேற்படி கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றும், பிள்ளைகள் அதே கேள்விகளைத் தங்களிடம் திருப்பிக் கேட்டால் அதட்டாமல் பதில் சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக் கொள்ளுகின்றோம்.